நோன்புக் காலத்துத் தைராய்டு மாத்திரை

1. ஏறாத பாதரசம்

ரஹ்மத் பீவியைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து கிளினிக் வாசலில் இறக்கியபோது காலை பத்து மணி இருக்கும். தை மாதக் கடைசி. வெயில் ஏறிவிட்டது. ஆனாலும் அவர்மேல் இரண்டு கம்பளிகள் போர்த்தியிருந்தார்கள். கன்னத்தில் கை வைத்துப் பார்த்தேன். தண்ணீர்ப் பானையைத் தொட்டதுபோல் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. நர்ஸ் படிப்பு முடித்துக் கோவில்பட்டிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கிளினிக்கில் டாக்டரம்மாவும் நானும்தான். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, மிக்சர் கலப்பது, மாத்திரை எண்ணிச் சீசாவில் போட்டுச் சீட்டு ஒட்டுவது எல்லாம் என் வேலை.

தெர்மாமீட்டரை அவர் கக்கத்தில் வைத்து, கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்துப் பார்த்தால் பாதரசம் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து உதறி என் கக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சரியாகக் காட்டியது. திரும்ப அவருக்கு வைத்தேன். ஏறவில்லை. காய்ச்சல் அதிகமாகிச் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் சூடே இல்லாமல் மூச்சு மட்டும் போய்வரும் ஆளை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

நாடி நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு, இருக்க வேண்டியது எழுபது. முகம் உப்பி, கண் இமைகள் வீங்கி, நாக்கு தடித்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், ஏதோ சொல்ல வருவார், பாதி வார்த்தையிலேயே மறுபடி தூக்கத்துக்குள் போய்விடுவார்.

நான் வெந்நீர்ப் பை எடுக்க ஓடினேன். டாக்டரம்மா தடுத்தார். "ஹாட் வாட்டர் பேக் வைக்காதே எஸ்தர். இந்த நிலைமையில திடீர்னு சூடு காட்டினா பிரஷர் இறங்கிடும். கம்பளியே போதும்."

பிறகு அவருடைய கணவரைப் பார்த்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவந்தாரா என்று கேட்டார். கணவர் சாகுல் ஹமீது அண்ணாச்சி வத்தல் மண்டி வைத்திருந்தவர். மண்டியில் அவர் குரல் தெருக்கோடிவரை கேட்கும். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு, "போட்டுக்கிட்டுத்தான் இருந்தா" என்று மெதுவாக இழுத்தார்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

2. நான் சொன்ன பதில்

அதற்கு ஆறு மாதம் முன்பு, ஆடி மாதத்தில்தான் ரஹ்மத் பீவி முதன்முதலாக எங்களிடம் வந்தார். வயது ஐம்பதை ஒட்டி. உடம்பு பருத்துக்கொண்டே போகிறது, ஆடி வெயிலில் எல்லோருக்கும் புழுங்கும்போது தனக்கு மட்டும் குளிர்கிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, எந்நேரமும் தூக்கம் என்றார். குரல் ஆண்பிள்ளைக் குரல்போல் கரகரத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சோம்பேறித்தனம் என்றார்களாம். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

டாக்டரம்மா அவரை முட்டிபோட வைத்து, குதிகால் நரம்பைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பாதம் சட்டென்று உதறிவிட்டு, திரும்பி வருவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை என்று சொன்னார். அந்தக் காலத்தில் இப்போதுபோல ரத்தம் எடுத்து மறுநாள் ரிப்போர்ட் வாங்கும் வசதி எங்கள் பக்கத்தில் கிடையாது. கையும் கண்ணும்தான் லேப்.

மதுரையிலிருந்து மாத்திரை வரவழைத்தோம். ஆட்டின், மாட்டின் சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்த தைராய்டு மாத்திரை. கிரெயின் என்ற பழைய எடைக் கணக்கில் வரும். முதலில் கால் கிரெயின், பிறகு அரை, பிறகு ஒன்று என்று மூன்று மாதம் இழுத்துத்தான் ஏற்றினார் டாக்டரம்மா. வயசானவர்களுக்கு வேகமாக ஏற்றினால் நெஞ்சுவலி வந்துவிடும் என்று அவருக்குப் பயம். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் நாடியை எண்ணி எழுதி வைப்பேன்.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு ஒன்று. அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி, பலகாரம். சீட்டில் அப்படித்தான் எழுதி ஒட்டினேன். சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, பொழுது சாய்ந்து போட்டால் தூக்கம் கெடும் என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருந்தார்.

ஐப்பசிக்குள் ரஹ்மத் பீவி வேறு மனுஷி ஆகிவிட்டார். முகத்து வீக்கம் வடிந்தது. குரல் திரும்பியது. ஒரு நாள் தானே நடந்து வந்து, "எஸ்தரு, பத்து வருசத்துக்கு அப்புறம் மாவு நானே ஆட்டினேன்" என்று கையைக் காட்டினார்.

தை பிறந்ததும் ரமலான் நோன்பு வந்தது. நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் மாத்திரை வாங்க வந்தார். அன்று சந்தை நாள். புதூர்ப் பக்கத்திலிருந்தும் கழுகுமலைப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் பெஞ்சு நிறைய. ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மருந்து அறை ஜன்னலில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"நோம்பு வருதும்மா. பகல்ல பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது. காலை மாத்திரைய எப்ப போடுதது?"

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அப்பச் சாயங்காலம் நோம்பு தொறந்ததும் போட்டுக்கோங்க பீவிம்மா" என்றேன்.

டாக்டரம்மா அடுத்த அறையில்தான் இருந்தார். எழுந்து பத்து எட்டு வைத்தால் கேட்டிருக்கலாம்.

3. கயத்தாறு ரோட்டில்

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. ஆக்சிஜன் வேண்டும், டிரிப் ஏற்ற வேண்டும், பக்கத்திலேயே ஆள் வேண்டும், இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்றார். குளுக்கோஸும் ஓர் ஊசியும் போட்டார். அண்ணாச்சி ஒரு பிளஷர் கார் பிடித்துக்கொண்டு வந்தார். பின் சீட்டில் ரஹ்மத் பீவியைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி முன்னால் டிரைவர் பக்கத்தில்.

டாக்டரம்மா கார் ஜன்னலில் குனிந்து, "நாடியை விடாதே. முப்பத்தஞ்சுக்குக் கீழே போனா காரை நிறுத்தி இந்த ஊசியைப் போடு" என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார். நிறுத்தி ஊசி போட்டும் ஏறாவிட்டால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். பருத்திக் காடு, அதைத் தாண்டினால் மறுபடி பருத்திக் காடு. என் கைக்கடிகாரத்தின் வினாடி முள்ளையும் அவர் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாற்பத்தொன்று. நாற்பது. கார் குலுங்கும்போது விரலுக்கு அடியில் நாடி தப்பிப்போகும். அது குலுக்கலால் தப்பியதா, நின்றேவிட்டதா என்று தெரியாத அந்த இரண்டு மூன்று வினாடியில் எனக்கே மூச்சு நின்றுவிடும். மறுபடி விரலில் தட்டும். முப்பத்தெட்டு.

மனசுக்குள் ஒரே கணக்குதான். சாயங்காலம் போடச் சொன்னேன். கஞ்சியும் வடையும் சாப்பிட்ட வயிற்றில் மாத்திரை சேரவில்லை. சேராததால் நோய் திரும்பிவிட்டது. இந்த அம்மா என் மடியிலேயே செத்துப்போகப் போகிறார், கொன்றது நான். இதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. கூடவே இன்னொன்றும் ஓடியது. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நான் சொன்னது இந்த அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அவர் கண் விழிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு. நாடியைப் பிடித்துக்கொண்டே அதை நினைத்தேன். நினைத்ததும் என்மேலேயே எனக்குப் பயம் வந்தது.

கயத்தாறில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற டிரைவர் காரை நிறுத்தினான். அவன் வாளியை எடுத்துக்கொண்டு போனதும் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, மாத்திரைய சாயங்காலம் போடச் சொன்னது நான்தான். டாக்டரம்மாட்ட கேக்காமச் சொல்லிட்டேன்."

அவர் திரும்பவில்லை. முன் கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார், கார் கதவைத் திறந்து இறங்கிப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சாயங்காலம் போட்டது நாலு நாளுதாம்மா" என்றார் கடைசியில். "நோம்பு தொறந்து, கஞ்சி குடிச்சு, டீயும் குடிச்சிட்டு மாத்திரையப் போடுவா. கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும். ராவெல்லாம் பொட்டுத் தூக்கம் கிடையாது. இது நமக்கு ஆவாதுன்னு நிறுத்திட்டா. ஒங்ககிட்ட வந்து கேக்கணும்னுதான் சொன்னா. நாந்தான் நோம்புப் பெருநா முடியட்டும், அப்புறம் போலாம்னேன்."

"எத்தன நாளாச்சு அண்ணாச்சி நிறுத்தி?"

"மூணு வாரத்துக்கு மேல இருக்கும். டாக்டரம்மா கேக்கயில சொல்ல வாய் வரல. நாந்தான் தடுத்தேன்னு எப்படிச் சொல்லுதது?"

டிரைவர் தண்ணீர் ஊற்றி மூடியைப் போட்டு வந்தான். கார் கிளம்பியது. கங்கைகொண்டான் தாண்டும்போது அண்ணாச்சியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. துவா ஓதிக்கொண்டிருந்தார். நான் என் வழியில் ஜெபித்துக்கொண்டிருந்தேன். நாடி முப்பத்தேழு. அதற்குக் கீழே போகவில்லை.

4. பெரிய ஆஸ்பத்திரி

அங்கே டூட்டியில் இருந்த டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே நோயைச் சொல்லிவிட்டார். அடுத்து அவர் கேட்டது ஒரே கேள்விதான். கடைசியாக மாத்திரை போட்டது எப்போது?

கயத்தாறில் நான் வாயைத் திறக்காமல் வந்திருந்தால் அந்தக் கேள்விக்கு, தினமும் போடுகிறார் என்று பதில் சொல்லியிருப்பேன். மூன்று வாரம் ஆயிற்று என்றேன், நாலு நாள் படபடப்பு இருந்ததையும் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். தினமும் போட்டும் இப்படி ஆகியிருந்தால் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்போம், இல்லாவிட்டால் டோஸ் போதவில்லை என்று நிறைய ஏற்றியிருப்போம், மூன்று வாரம் மருந்தில்லாமல் கிடந்த இதயம் அதைத் தாங்கியிருக்காது என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

மூக்கு வழியாக டியூப் விட்டு, மாத்திரையைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்துச் சின்ன அளவில் கொடுத்தார்கள். சாயங்காலம்வரை நான் வார்டு வராந்தாவில் இருந்தேன். உள்ளே யாராவது வேகமாக நடந்தால் எழுந்து நிற்பேன். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் உட்காருவேன். அண்ணாச்சி அன்று நோன்பு திறந்தது ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரில்தான். எனக்கும் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தார்.

கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பினேன். அடுத்த இரண்டு நாள் நான் செய்த வேலை எதுவும் நினைவில் இல்லை. மண்டியில் ஃபோன் உண்டு. செய்தி வந்தால் கணக்குப்பிள்ளை சைக்கிளில் வந்து சொல்வதாக ஏற்பாடு. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே போய் எட்டிப் பார்ப்பேன். மாத்திரையை ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணுவேன், சீட்டை எழுதிவிட்டுக் கிழித்து மறுபடி எழுதுவேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கணக்குப்பிள்ளை வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் துடைத்து முடிக்கும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவிய கண்ணு முழிச்சிட்டாவளாம். பெருநாளைக்குச் சேல எடுத்தாச்சான்னு கேட்டாவளாம்" என்றார்.

நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

5. நேரம்

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்து, பெட்டியைக்கூட மனசுக்குள் கட்டி வைத்திருந்தேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"சாயங்காலம்னு நீ சொன்னதைவிட, அன்னைக்கு நான் கேட்டப்போ வாயை மூடிக்கிட்டு நின்னியே, அது பெரிய தப்பு" என்றார். ஸ்டெதாஸ்கோப்பை மடக்கி வைத்தார். பிறகு, "சரி, நோன்புல அவங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. எட்டு வருஷமாக இந்த ஊரில் வைத்தியம் பார்க்கிறேன், ஒருவரிடமும் கேட்டதில்லை என்றார். எனக்குச் சொன்னதுபோல் இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து ரஹ்மத் பீவி வீடு திரும்பினார். நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை, விட்ட நாட்களைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஆலிம்சாவும் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குக் களா நோன்பு என்று பெயர். சித்திரை கழிந்து உடம்பு நன்றாகத் தேறியதும் விட்ட நோன்பைப் பிடிக்க வேண்டும் என்று ரஹ்மத் பீவி வந்து நின்றார். டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, விடிவதற்கு முன் அவர் என்னென்ன செய்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று எழுதினேன்.

விடியுமுன் சாப்பிடும் சாப்பாட்டுக்குச் சஹர் என்று பெயர். எல்லோருக்கும் முன்னால் எழுந்திருப்பது ரஹ்மத் பீவிதான். எழுந்து முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து உலை வைப்பார். சோறு ஆகி, மற்றவர்களை எழுப்பி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாகத்தான் தான் உட்காருவார்.

"முகம் கழுவினதும் போட்டுக்கிடட்டுமா?" என்று அவரே கேட்டார். "அதுக்கப்புறம் நான் தட்டுல கை வைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். வயிறு அப்பக் காலியாத்தானே கெடக்கும்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் தேடிக்கொண்டிருந்த நேரம் அதுதான். வெறும் வயிறு, தண்ணீர், ஒரு மணி நேர இடைவெளி. மாத்திரையின் வேகமும் பகலோடு போய்விடும். தை மாதம் என் ஜன்னலில் நின்று கேட்டாரே, அன்று நான் தலையை நிமிர்த்தி, நீங்கள் எப்போது எழுவீர்கள் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் அன்றே இதைச் சொல்லியிருப்பார்.

இருந்தாலும் எனக்குப் பயம் போகவில்லை. அவர் களா நோன்பு பிடித்த நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் நாடி பார்த்தேன். எழுபது, எழுபத்திரண்டு. அடுத்த ரமலானிலும் போனேன். பத்தாம் நோன்பன்று, "எஸ்தரு, எனக்கு ஒண்ணுமில்ல, நீதான் மெலிஞ்சு போற" என்று சிரித்தார்.

6. பிறகு

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். தைராய்டு மாத்திரையும் மாறிவிட்டது, அளவும் மாறிவிட்டது. அயர்ன் மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது, நாலு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும் என்று பின்னால் தெரியவந்தது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடச் சொல்லும் டாக்டர்களும் இன்று இருக்கிறார்கள். ஆகவே சாயங்காலம் என்ற ஒரு சொல்லால்தான் அந்த அம்மா செத்துப் பிழைத்தார் என்று நான் இப்போது சொல்லமாட்டேன். ஒழுங்காக எந்த நேரத்தில் அவரால் போட முடியும் என்று கேட்காமல், படபடப்பு வந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லாமல், எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன். அதுதான் நான் செய்தது.

தீப்பெட்டி ஆபீசுக்கு விடியற்காலையில் போகும் பெண்கள், மில்லில் ஷிப்டு மாறி மாறி வேலை செய்பவர்கள், ஆடு பத்திக்கொண்டு போய்ப் பொழுது சாயத் திரும்புபவர்கள், எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன். எப்போது எழுவீர்கள், எழுந்ததும் முதலில் வாயில் என்ன போடுவீர்கள். நர்ஸம்மா ரொம்ப விசாரிக்கிறார் என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். ரஹ்மத் பீவி குணமான இரண்டாம் வருஷம், தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. ரமலானுக்கு ஒரு வாரம் இருந்தது. டாக்டரம்மா அறையைத் தாண்டி நேராக என் ஜன்னலுக்கு வந்து, "நோம்புல இவ மாத்திரைய எப்ப போடுதது? நீ சொல்லு எஸ்தரு, நீ சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

அவர் என்னை நம்பினார். காரில் அவர் நாடி தப்பிய வினாடிகளில் எப்படிப் பயந்தேனோ, அப்படிப் பயந்தேன். பெஞ்சில் அன்றும் கூட்டம். கையிலிருந்த மிக்சர் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியாது பீவிம்மா. ரெண்டு பேரும் உக்காருங்க, கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தேன்.